அல்கோன்குவின் ஏரிகளில் நான்கு நாள் கனூப் பயணம்: முதல் முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கனூ என்பது துடுப்புப் போட்டுச் செலுத்தும் ஒல்லியான திறந்த படகு. முதல் முறை கனூப் பயணம் போக நினைப்பவர்கள் கேட்பது இரண்டு கேள்விகள்: நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா, துடுப்புப் போடுவது கஷ்டமா. ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும்வரை நடுவில் இருக்கும் காட்டில் படகை யார் தூக்கிக்கொண்டு நடப்பது என்று யாரும் கேட்பதில்லை. பயணம் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் உள்ள அந்த நடைபாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். படகைக் கவிழ்த்துத் தோளில் வைத்து, மூட்டைகளை முதுகில் மாட்டிக்கொண்டு கடக்க வேண்டும். எந்த ஏரி, எத்தனை நாள், எந்தப் படகு, என்ன சாப்பாடு என்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்தே அமைய வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அல்கோன்குவின் பூங்கா. டொராண்டோவிலிருந்து காரில் சுமார் 3 மணி நேரம். நம்மவர்கள் பலரும் இலையுதிர் கால நிறம் பார்க்க நெடுஞ்சாலை 60 வழியாகப் போய் வந்திருப்பார்கள். அந்தச் சாலையிலிருந்து படகில் உள்ளே போவதைப் பற்றித்தான் இது.

நீச்சல் கேள்விக்குப் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். தெரிந்தால் நல்லது. தெரியாதவரும் போகலாம், ஆனால் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். அதுவும் 7-ஆம் படியில் உள்ள ஒத்திகையை முடித்த பிறகு.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏரிகளில் பனிக்கட்டி உருகி முடிய ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம் ஆகிவிடும். மே மாதத்தில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் தண்ணீர் பனிக்குளிர்ச்சியாகவே இருக்கும். அதில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. சுமார் பத்து நிமிடத்தில் கைகால் விறைத்துச் சொன்னபடி கேட்காது. புதியவர்களுக்கு மே வேண்டாம்.

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை பிளாக் ஃப்ளை என்னும் கருப்பு ஈ காலம். கடித்த இடத்தில் ரத்தம் வழியும். அதோடு கொசுவும் சேர்ந்துகொண்டு ஜூலை வரை இருக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் தண்ணீர் இதமாக இருக்கும், கூட்டமும் இருக்கும்.

என் தேர்வு ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரங்கள். பூச்சி குறைந்துவிடும், தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்காது. செப்டம்பர் பாதிக்கு மேல் காடு இன்னும் அழகு, ஆனால் இரவில் உறைநிலையைத் தொடக்கூடும். சரியான தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்) இல்லாதவர்கள் அப்போது போய் அவஸ்தைப்பட வேண்டாம்.

2. பாதையைப் போர்ட்டேஜை வைத்துத் திட்டமிடுங்கள்

அல்கோன்குவினுக்கென்றே கனூப் பாதை வரைபடம் விற்கிறார்கள். ஏரிகள், கூடாரமிடும் இடங்கள், ஒவ்வொரு போர்ட்டேஜின் நீளமும் மீட்டரில் அதில் இருக்கும். காகிதத்தில் ஒன்று வாங்குங்கள். உள்ளே போனதும் பெரும்பாலான இடங்களில் போன் சிக்னல் கிடையாது, பேட்டரியும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது.

புதியவர்கள் வரைபடத்தில் ஏரியின் நீளத்தை மட்டும் கூட்டி, "ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் போய்விடலாம்" என்று கணக்குப் போடுவார்கள். சுமையோடு இருக்கும் கனூ அமைதியான தண்ணீரில் மணிக்கு 4 கிலோமீட்டர் போகும். எதிர்காற்று என்றால் அதில் பாதி.

போர்ட்டேஜ் கணக்கு வேறு. எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்க முதல் முறை போகிறவர்களால் முடியாது. இரண்டு நடை வேண்டும். சுமையோடு போக, வெறுங்கையோடு திரும்ப, மறுபடி சுமையோடு போக என்று தூரம் மூன்று மடங்காகிவிடும். வரைபடத்தில் 790 மீட்டர் என்றால் கால் நடப்பது கிட்டத்தட்ட 2.4 கிலோமீட்டர். இறக்கி ஏற்றும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

ஒரு நாளுக்குத் துடுப்பும் போர்ட்டேஜும் சேர்த்து 5 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். நான்கு நாளுக்கு நான் சொல்லும் பாதை இது:

முதல் நாள் கனூ லேக்கின் தெற்கு முனையில் இறங்கி, வடக்கே போய், அணைக்குப் பக்கத்தில் 295 மீட்டர் போர்ட்டேஜ் கடந்து ஜோ லேக். அங்கேயே தங்கல். இரண்டாம் நாள் லிட்டில் ஜோ, பேபி ஜோ வழியாகப் பர்ன்ட் ஐலண்ட் லேக். நடுவில் வரும் போர்ட்டேஜ்கள் ஒவ்வொன்றும் அரைக் கிலோமீட்டருக்குள்தான். மூன்றாம் நாள் கூடாரத்தை அங்கேயே விட்டுவிட்டு, வெறும் படகும் மதியச் சாப்பாடுமாக அந்த 790 மீட்டர் பாதையைக் கடந்து லிட்டில் ஓட்டர்ஸ்லைட், ஓட்டர்ஸ்லைட் ஏரிகளைப் பார்த்துவிட்டு வரலாம். சுமை இல்லாமல் நீளமான போர்ட்டேஜ் பழக இது நல்ல வழி. நான்காம் நாள் வந்த வழியே திரும்புங்கள்.

வந்த வழியே திரும்புவது சிலருக்குப் பிடிக்காது, வட்டமாகச் சுற்றி வரும் பாதை வேண்டும் என்பார்கள். முதல் முறை வேண்டாம். வந்த வழி என்றால் எந்த இடத்தில் கல், எந்த இடத்தில் சேறு என்று தெரிந்திருக்கும். உடம்பு முடியவில்லை என்றால் எந்த நாளிலும் பாதியில் திரும்பவும் முடியும்.

3. அனுமதிச் சீட்டு

ஒன்டாரியோ பார்க்ஸ் இணையதளத்தில், போகும் தேதிக்கு 5 மாதம் முன்பு பதிவு திறக்கும். கோடைக்கால வார இறுதிகளில் கனூ லேக் வழி சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் பாதை முடிவான பிறகு பதிவு என்று தள்ளிப்போடாமல், பாதையை 6 மாதம் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் புதன்கிழமை திரும்பினால் இடமும் கிடைக்கும், அமைதியும் இருக்கும்.

நீங்கள் பதிவு செய்வது ஏரியை. குறிப்பிட்ட இடத்தை அல்ல. எந்த இரவு எந்த ஏரி என்று சீட்டில் இருக்கும். அந்த ஏரிக்கரையில் ஆரஞ்சு நிறப் பலகை வைத்த இடங்களில் எது காலியோ அதில் கூடாரம் போடலாம். பலகை இல்லாத இடத்தில் போடக்கூடாது. களைத்துவிட்டது என்று வேறு ஏரியில் தங்குவதும் தவறு, அந்த ஏரிக்குச் சீட்டு எடுத்தவருக்கு இடம் இல்லாமல் போகும்.

ஒரு இடத்தில் அதிகபட்சம் 9 பேர். நம் வீடுகளில் "எல்லாரும் சேர்ந்து போவோம்" என்று ஆரம்பித்து 14 பேர் ஆகிவிடுவது வழக்கம். அப்படியானால் இரண்டு குழுவாகப் பிரிந்து இரண்டு சீட்டு எடுக்க வேண்டும். இரண்டு இடங்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். உண்மையில் 4 பேர், 2 படகு என்பதுதான் முதல் பயணத்துக்கு ஏற்ற அளவு: ஒரு படகு கவிழ்ந்தால் உதவ இன்னொன்று இருக்கும்.

4. படகை எடையைப் பார்த்து வாடகைக்கு எடுங்கள்

இருவர் போக 16 அல்லது 17 அடி கனூ சரி. வாடகைக்கு இரண்டு வகை கிடைக்கும். பிளாஸ்டிக் வகை 30 கிலோவைத் தாண்டும், வாடகை குறைவு. கெவ்லார் என்னும் லேசான, உறுதியான செயற்கை இழையில் செய்த வகை 20 கிலோ சுற்றுவட்டத்தில் இருக்கும், வாடகை கூடுதல். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். ஒருவர் தனியாகத் தூக்கி நடக்கக்கூடிய படகு இருந்தால்தான் மற்றவர் மூட்டையைத் தூக்க முடியும்.

கெவ்லார் கல்லில் உரசினால் கீறும். அதனால் கரையில் இழுத்து ஏற்றவே கூடாது. ஏறுவதும் இறங்குவதும் முழங்கால் தண்ணீரில் நின்றுதான். கால் நனையாமல் இறங்க நினைப்பவர்கள்தான் படகையும் உடைத்துக்கொள்கிறார்கள், தாங்களும் விழுகிறார்கள்.

படகு கனூ லேக் கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. வீட்டிலிருந்து காரின் மேல் கட்டிக்கொண்டு போகும் தலைவலி வேண்டாம்.

சட்டப்படி படகில் இருக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு அளவு பொருந்திய லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு குவளை, விசில், இருட்டில் போவதானால் விளக்கு. வாடகைக் கடையில் கேட்டால் ஒரு சின்னப் பெட்டியில் போட்டுத் தருவார்கள். கேட்காவிட்டால் சில சமயம் தரமாட்டார்கள். படகுக்கு ஒரு துடுப்பு கூடுதலாக வாங்குங்கள். துடுப்பு முறிந்தாலோ மிதந்து போனாலோ ஏரி நடுவில் வேறு வழி இல்லை.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, வார்களை இறுக்கி, தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் அளவு பெரிது.

5. மூட்டை கட்டுவது

இரண்டு பேருக்கு மொத்தம் மூன்று மூட்டை. அதற்கு மேல் போனால் எதையோ தேவையில்லாமல் எடுத்திருக்கிறீர்கள்.

ஒன்றில் கூடாரம், தூக்கப்பைகள், விரிப்பு, தார்ப்பாய். இன்னொன்றில் உடை, மருந்து, விளக்கு. மூன்றாவது சாப்பாட்டு பேரல்: தோள்வார் மாட்டிய நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய், 30 அல்லது 60 லிட்டர். மூடி இறுகினால் தண்ணீர் புகாது, வாசனையும் அதிகம் வெளியே வராது.

எதுவும் கையில் தொங்கக் கூடாது. மளிகைப் பை, நாற்காலி, தனியாக ஒரு தண்ணீர்க் குடுவை, கழுத்தில் கேமரா என்று கிளம்புகிறவர்கள் போர்ட்டேஜில் நான்கு நடை நடப்பார்கள், அப்புறம் ஏதாவது ஒன்றைப் பாதையிலேயே மறந்துவிட்டு வருவார்கள். துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் தவிர மற்றதெல்லாம் ஏதோ ஒரு பைக்குள் இருக்க வேண்டும். வீட்டிலேயே மூட்டையை மாட்டித் தெருவை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எதை வெளியே எடுத்து வைத்துவிடலாம் என்று முதுகே சொல்லும்.

உடை இரண்டு ஜோடி போதும். ஒன்று நனைவதற்கு, ஒன்று உலர்ந்தபடி இருப்பதற்கு. நனைகிற ஜோடியைக் காலையில் ஈரமாக இருந்தாலும் அதையே திரும்பப் போட வேண்டும். அந்த ஐந்து நிமிடக் கூச்சத்துக்காக உலர்ந்ததை எடுத்துப் போட்டால், மழை வந்த அன்று இரவு படுக்க உலர்ந்த துணி இருக்காது. ஜீன்ஸ், பருத்தி பனியன் வேண்டாம். நனைந்த பருத்தி உலராது, உடம்பின் சூட்டையும் உறிஞ்சும். கம்பளி அல்லது விளையாட்டுக்குப் போடும் செயற்கைத் துணி.

காலுக்கு நனைந்தாலும் பரவாயில்லை என்ற பழைய ஓட்டக் காலணி. செருப்பு சேற்றில் கழன்று போகும்.

தூக்கப்பையும் உலர்ந்த உடையும் தண்ணீர் புகாத பைக்குள் போக வேண்டும். அந்தப் பை இல்லையென்றால் தடித்த குப்பைப் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்று வைத்து முறுக்கிக் கட்டுங்கள்.

6. சாப்பாடு

பூங்காவின் உட்பகுதியில் டின், கண்ணாடிப் பாட்டில் கொண்டுபோகத் தடை உண்டு. டின் மீன், ஊறுகாய்ப் பாட்டில், தேங்காய்ப்பால் டின் எல்லாம் காரிலேயே நிற்கும். எரிபொருள், மருந்து, பூச்சி விரட்டி ஆகியவற்றின் குப்பிகளுக்கு மட்டும் விலக்கு. ஊறுகாயைச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வேளையையும் தனித்தனி ஜிப் பையில் அளந்து போட்டு, மேலே "2-ஆம் நாள் இரவு" என்று எழுதுங்கள். மொத்தமாக அரிசி, மொத்தமாகப் பருப்பு என்று எடுத்துப்போனால் முதல் நாள் அள்ளிக் கொட்டிவிட்டுக் கடைசி நாள் வெறும் டீ குடிக்க வேண்டியிருக்கும்.

நம் சமையலறையில் இதற்குத் தோதான பொருள்கள் நிறைய. வறுத்த ரவையில் கடுகு, கறிவேப்பிலை, முந்திரி தாளித்து வைத்துக்கொண்டால் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடத்தில் உப்புமா. அவல் வெந்நீர்கூடக் கேட்காது. சிவப்பு மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலே கால் மணி நேரத்தில் வெந்துவிடும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கொஞ்சம் நெய் இருந்தால் இரவுச் சோறு முடிந்தது. அரிசி பச்சரிசியாக இருக்கட்டும். புழுங்கல் அரிசி வேக இரண்டு மடங்கு கேஸ் பிடிக்கும். முதல் நாள் இரவுக்கு மட்டும் சப்பாத்தியும், முந்தின நாளே உறையவைத்த குழம்பும். கருவாட்டை வீட்டில் விட்டுவிடுங்கள். பத்து வீடு தள்ளி மணக்கிற சாமானைக் கரடிக் காட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.

கேஸ் அடுப்பு கட்டாயம். விறகில் சமைத்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். மழை பெய்தால் விறகு நனையும். வறட்சியானால் தீ மூட்டத் தடை போட்டிருப்பார்கள்.

ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தாலும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். வடிகட்டுங்கள், அல்லது நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். பை வடிவில் மரத்தில் தொங்கவிடும் வடிகட்டி இருந்தால் சமைக்கும்போதே தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்.

7. வீட்டுக்குப் பக்கத்தில் ஒத்திகை

இதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு ஒரு மதியம் செலவிட்டால் போதும்.

கூடாரத்தைப் புல்வெளியில் போட்டுப் பாருங்கள், குச்சி எல்லாம் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். அடுப்பைப் பற்றவைத்து ஒரு டீ போடுங்கள். பக்கத்து ஏரியில் கனூ வாடகைக்கு எடுத்து, கரையோரமாக இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் எப்படித் தூக்குகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பிறகு பதற்றம் வராது. நீச்சல் தெரியாதவர் இதைச் செய்யாமல் வரக்கூடாது.

பாதை, தங்கும் ஏரிகள், திரும்பும் நாள், எத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் குழுவுக்கு ஒன்று எடுத்துக்கொள்வது நல்லது.

8. ஏற்றுவதும் துடுப்புப் போடுவதும்

காலை 7 மணிக்கு டொராண்டோவை விட்டால் பதினொன்றரைக்குள் தண்ணீரில் இருக்கலாம். படகு முழுக்க மிதக்கும்போதுதான் சுமை ஏற்ற வேண்டும். பாதி கரையிலும் பாதி தண்ணீரிலும் வைத்து ஏற்றினால் அடிப்பகுதி வளைந்து விரிசல் விடும். கனமான மூட்டை நடுவில், அடியில். முன்னும் பின்னும் ஒரே மட்டமாக மிதக்க வேண்டும், அல்லது பின்பக்கம் ஒரு சிட்டிகை தாழ்ந்திருக்கலாம். முன்பக்கம் தாழ்ந்தால் படகு நினைத்த பக்கம் திரும்பாது.

முன்னால் இருப்பவர் தாளம் வைப்பவர், பின்னால் இருப்பவர் திசை பிடிப்பவர். இருவரும் எதிர்ப் பக்கங்களில் துடுப்புப் போட வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் தோள் போய்விடும். இடுப்பைத் திருப்பி முதுகால் இழுங்கள்.

பின்னால் இருப்பவர் நேராக இழுத்தாலே படகு மறுபக்கம் திரும்பிக்கொண்டே போகும். அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு இழுப்பின் கடைசியிலும் துடுப்பின் தட்டையை லேசாக வெளியே தள்ள வேண்டும். ஜே இழுப்பு என்பார்கள். துடுப்பின் மேல்முனையைப் பிடித்த கையின் கட்டைவிரல் கீழே பார்க்க வேண்டும், அதுதான் அடையாளம். இது கைவரும்வரை பத்து இழுப்புக்கு ஒருமுறை இருவரும் பக்கம் மாற்றிக்கொண்டால் போதும். கணவன் மனைவி சண்டையில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. யார் பின்னால் உட்காருவது என்பதைக் கரையிலேயே பேசிக்கொண்டு ஏறுங்கள், நடு ஏரியில் எழுந்து இடம் மாறக்கூடாது.

9. போர்ட்டேஜ்

போர்ட்டேஜ் தொடங்கும் இடத்தில் கரையில் மஞ்சள் பலகை இருக்கும். அதில் தூரமும் எழுதியிருக்கும். இறங்குமிடம் குறுகலாக இருக்கும். பின்னால் வேறு படகுகள் வரும். அதனால் முதல் வேலை எல்லாவற்றையும் இறக்கிப் பாதையின் ஓரத்தில் ஒதுக்குவது. அங்கேயே உட்கார்ந்து பிஸ்கட் பிரிக்காதீர்கள். சாப்பாடு மறுமுனையில்.

முதல் நடையில் மூட்டைகள், இரண்டாம் நடையில் படகும் மீதி மூட்டையும். படகைத்தான் முதலில் கொண்டுபோய்விடுவோம் என்று பலரும் ஆரம்பிப்பார்கள். படகு தலைமேல் இருக்கும்போது காலடியில் நாலைந்து அடிக்கு மேல் பார்வை போகாது. மூட்டையோடு ஒருமுறை நடந்துவிட்டால் எங்கே வேர் தடுக்கும், எங்கே வழுக்குப் பாறை, எந்த இடத்தில் பாதை பிரிகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் படகு சுலபம்.

தூக்கும் முறை. படகின் நடுவில் குறுக்கே ஒரு நுகக்கட்டை இருக்கும், தோளில் உட்காரும் வளைவோடு. புதியவர்கள் இருவராகத் தூக்குவது நல்லது. ஒருவர் படகைக் கவிழ்த்து, முன்முனையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடிக்கட்டும். பின்முனை தரையிலேயே இருக்கும். இன்னொருவர் உள்ளே நுழைந்து, நுகக்கட்டையைத் தோளில் வாங்கி நிமிர வேண்டும். பிறகு முன்னால் பிடித்தவர் விட்டுவிடலாம். நிமிரும்போது காலால் நிமிருங்கள், முதுகால் அல்ல. முன்முனை கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் பாதை தெரியும்.

இருவரும் ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்து நடப்பது எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால் தெரியும்: பின்னால் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, முன்னவர் ஒரு வேரைத் தாண்டினால் பின்னவரின் தோளில் இடிக்கும். 30 கிலோ படகு, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அப்படித் தூக்குங்கள்.

களைத்தால் படகைக் கீழே போடாமல், கவையாகக் கிளை பிரிந்த மரத்தில் முன்முனையைச் சாய்த்துவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கலாம். மூட்டையோடு நடக்கும்போது எதிரே படகோடு யாராவது வந்தால் நீங்கள் ஒதுங்குங்கள். மூட்டை தூக்குபவர் படகு தூக்குபவருக்கு வழிவிட வேண்டும்.

துடுப்புகளைப் படகுக்குள் செருகி ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்ளலாம், அல்லது மூட்டை தூக்குபவர் ஊன்றுகோலாகப் பிடிக்கலாம். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம், தோளுக்கு மெத்தை மாதிரி இருக்கும். கிளம்பும் முன் இறங்குமிடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அதிகம் விட்டுப்போவது தொப்பி, தண்ணீர்க் குடுவை, வரைபடம்.

10. காற்று, அலை, இடி

பெரிய ஏரிகளில் காலையில் தண்ணீர் அசையாமல் இருக்கும், மதியம் காற்று எழும். பர்ன்ட் ஐலண்ட் லேக் நீளமான ஏரி. மேற்கிலிருந்து காற்று வீசினால் மறுமுனையில் அலை நன்றாக உயரும். அந்த ஏரியைக் கடப்பதைக் காலை 10 மணிக்குள் முடியுங்கள்.

எப்போதும் கரையை ஒட்டியே போங்கள். நடுவே குறுக்காகப் போனால் தூரம் மிச்சம்தான், ஆனால் கவிழ்ந்தால் நீந்த வேண்டிய தூரமும் கூடும். அலை வந்தால் இருக்கையிலிருந்து இறங்கி முழங்காலில் நில்லுங்கள், எடை தாழ்ந்து படகு நிலைக்கும். அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், முன்முனையைச் சற்றே சாய்வாக வைத்து ஏறுங்கள். வெள்ளை நுரை தெரிந்தால் கிளம்பவே வேண்டாம். அரை நாள் காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது, அதற்காகத்தான் நாளுக்கு 5 மணி நேரம் மட்டும் வைத்திருக்கிறோம்.

இடிச் சத்தம் கேட்டால் உடனே கரை ஏறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பத் தண்ணீர். கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். அது மூழ்காது, தூரத்திலிருந்து வருகிறவர்கள் கண்ணிலும் படும்.

11. கூடாரம் போடும் இடத்தில் வேலை வரிசை

மதியம் 3 மணிக்குள் இடம் பிடித்துவிட வேண்டும். தாமதமாகப் போனால் நல்ல இடங்களில் ஆள் இருப்பார்கள், ஏரி முழுக்கச் சுற்ற வேண்டிவரும்.

கரை ஏறியதும் முதலில் மேலே பாருங்கள். காய்ந்த கிளையோ சாய்ந்து நிற்கும் பட்ட மரமோ இருந்தால் அதன் கீழே கூடாரம் கூடாது. அடுத்தது தார்ப்பாய், மழை வந்தாலும் அதன் கீழே நின்று மற்ற வேலையைப் பார்க்கலாம். பிறகு கூடாரம், பள்ளத்தில் அல்லாமல் சற்று மேடான தரையில்.

அடுத்த வேலை சாப்பாட்டைத் தொங்கவிடும் கயிறு. இதை எல்லாரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளிப்போடுவார்கள். இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, கல்லில் கயிறு கட்டிக் கிளைமேல் எறிவது பார்க்க வேடிக்கையாக இருக்கும், செய்கிறவருக்கு அல்ல. வெளிச்சத்திலேயே நல்ல கிளையைத் தேடிக் கயிற்றைப் போட்டு வையுங்கள். பேரல் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்திலும், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளியும் தொங்க வேண்டும். கரடி மரம் ஏறும், அதனால்தான் இரண்டு அளவும். நீல பேரலைக் கரடி உடைத்துவிட முடியும். மூடி இறுகியிருக்கிறது என்று தரையில் விடாதீர்கள்.

பேரலுக்குள் போக வேண்டியது சாப்பாடு மட்டுமல்ல. பற்பசை, சோப்பு, உதட்டுக்குப் பூசுவது, பிள்ளைகளின் சட்டைப் பையில் கிடக்கும் மிட்டாய், குப்பை எல்லாமும். கூடாரத்துக்குள் எந்த வாசனையும் இருக்கக் கூடாது. இங்கே இருப்பது கருங்கரடி. எதிரே வந்தால் ஓடாதீர்கள், பின்வாங்கிக்கொண்டே சத்தம் போடுங்கள், பாத்திரத்தைத் தட்டுங்கள். பெரும்பாலும் அது போய்விடும்.

பாத்திரத்தை ஏரியில் கழுவக் கூடாது. தண்ணீரை மொண்டு, கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளி மண்ணில் கழுவி ஊற்றுங்கள். கழிப்பறை, காட்டுக்குள் கொஞ்சம் உள்ளே போகும் தடத்தில், திறந்து மூடும் மூடியோடு ஒரு மரப்பெட்டி. சுவர், கூரை எதுவும் கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள், அங்கே போய் அதிர்ச்சி வேண்டாம்.

படுக்கும் முன் கனூவைத் தண்ணீரிலிருந்து நன்றாக மேலே தூக்கி, கவிழ்த்து, மரத்தில் கட்டுங்கள். இரவுக் காற்றில் லேசான கெவ்லார் படகு பறந்து ஏரிக்குள் போய்விடும். அது போனால் நடந்து வெளியேற வழி கிடையாது.

12. திரும்பும் நாள்

விடியும்போதே கிளம்புங்கள். கடைசி நாள்தானே என்று நிதானமாகச் சமைத்து, குளித்து, 11 மணிக்குப் படகில் ஏறினால் எதிர்காற்றும் வெயிலும் சேர்ந்து கொல்லும். தீ மூட்டிய இடத்தில் கையை வைத்தால் சூடு தெரியாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். குப்பை முழுவதும் உங்களோடு வெளியே வரவேண்டும், முன்னால் தங்கியவர் விட்டுப்போனதையும் முடிந்தால் எடுத்து வாருங்கள்.

கார்ச் சாவியை முதல் நாளே ஒரு மூட்டையின் உள்பையில் கொக்கியில் மாட்டி, எங்கே இருக்கிறது என்று இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். பக்கத்தில் பூட்டுத் திறப்பவர் யாரும் இருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்த அன்றே கூடாரத்தையும் தார்ப்பாயையும் பிரித்துக் காயப்போடுங்கள், மழை பெய்யாவிட்டாலும் பனியில் நனைந்திருக்கும். இரண்டு நாள் பையிலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அந்த வாசம் பிறகு போகாது. வடிகட்டியைத் தண்ணீர் வடியவிட்டு வீட்டுக்குள் வையுங்கள். கராஜில் விட்டால் குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் ஈரம் உறைந்து அதன் நுண்துளைகள் கிழிந்துபோகும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.